காரணம் தெரியாத குழந்தையின்மை: முழுமையான ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

பொங்கோல் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. நானும் கணவரும் குழந்தைக்காக முயலத் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் பெற்று, சிங்கப்பூர் அரசாங்க மருத்துவமனை ஒன்றில் அடிப்படைப் பரிசோதனைகளைச் செய்துகொண்டோம். என் சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஏ.எம்.எச்., தைராய்டு, கருக்குழாயில் அடைப்பு உள்ளதா என்று பார்க்கும் சாயப் பரிசோதனை, கணவரின் விந்தணுப் பரிசோதனை ஆகிய எல்லாவற்றின் முடிவும் இயல்பாக இருக்கிறது என்றார்கள். மாதவிலக்கும் எனக்கு ஒழுங்காகவே வருகிறது. இன்னும் சில மாதங்கள் இயற்கையாக முயலலாம், இல்லையென்றால் மருந்துடன், விந்தணுவை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ சிகிச்சை தொடங்கலாம் என்று மருத்துவர் இரண்டு வழிகளைச் சொல்லி அனுப்பினார்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று கேட்டால் மனம் நிம்மதியடைய வேண்டும். எனக்கு அப்படி ஆகவில்லை. குறை இன்னதென்று தெரிந்தால் அதற்கு மருந்து உண்டா என்று கேட்கலாம். குறையே இல்லை, ஆனாலும் கரு தங்கவில்லை என்றால் நான் எதைச் சரிசெய்வது? ஒவ்வொரு தீபாவளிக்கும் உறவினர் வீடுகளில் "விசேஷம் ஏதும் உண்டா" என்று கேட்கும்போது சொல்வதற்கு ஒரு காரணம்கூட என்னிடம் இல்லை.

இந்த நிலையில் உடன் பணிபுரியும் தோழி ஒருவர், உடலை முழுமையாகப் பார்த்துச் சிகிச்சை தருவதாகச் சொல்லும் தனியார் நிலையம் ஒன்றைப் பரிந்துரைத்தார். அங்கே ஒரே நாளில் நான்கு வேளை உமிழ்நீர் எடுத்து மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோல் அளவையும், காகிதத்தில் உலர்த்திய சிறுநீரைக்கொண்டு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் அளவுகளையும் பார்க்கிறார்கள். உணவு ஒவ்வாமைக்கு ஓர் இரத்தப் பரிசோதனையும் உண்டு. மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்களாம். செலவு ஆயிரம் வெள்ளியைத் தாண்டுகிறது. பணத்தைப் பற்றிக்கூட நான் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. மருத்துவமனையில் விடுபட்ட ஏதோ ஒன்று இதில் தெரியவருமா என்பதுதான் என் கேள்வி. இந்தப் பரிசோதனைகளைச் செய்துகொண்டவர்களும் இத்துறையை அறிந்தவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், தெம்பனிஸ்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். நான் மருத்துவர் அல்லேன். ஆனால் இரத்த மாதிரிகளில் ஹார்மோன் அளவிடும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன் என்பதால், இந்தப் பரிசோதனைகளைக் கருவியின் பக்கத்திலிருந்து எனக்குத் தெரியும். அந்த அளவில் சொல்கிறேன்.

ஹார்மோன் அளவுகள் உடலில் ஒரே நிலையில் நிற்பவை அல்ல. எடுத்துக்காட்டாக, முட்டை வெளியேறிய பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் சீராக ஒழுகுவதில்லை, அலையலையாகச் சுரக்கிறது. ஒரே பெண்ணின் இரத்தத்தில், ஒன்றரை மணி நேரத்துக்குள்ளாகவே எட்டு மடங்கு வரை ஏறி இறங்கக்கூடும். எனவே ஒரு முறை எடுத்த அளவு சற்றுக் குறைவாக இருப்பதை வைத்து "உங்களுக்கு புரோஜெஸ்டிரோன் குறைபாடு" என்று சொல்லும் அறிக்கையை நான் நம்பமாட்டேன். அந்தப் பரிசோதனையின் உண்மையான பயன், அந்தச் சுழற்சியில் முட்டை வெளியேறியதா இல்லையா என்பதை உறுதிசெய்வதுதான். அதற்கும் நாள் சரியாக அமைய வேண்டும். 28 நாள் சுழற்சி உடையவருக்கு 21ஆம் நாள் என்பார்கள். 33 நாள் சுழற்சி உடையவர் அதே 21ஆம் நாளில் இரத்தம் கொடுத்தால், முட்டை வெளியேறி ஓரிரு நாள்தான் ஆகியிருக்கும், அளவு குறைவாகத்தான் காட்டும். அடுத்த மாதவிலக்கு வரக்கூடிய நாளுக்கு ஏறத்தாழ ஏழு நாள் முன்பு என்று கணக்கிடுவதே சரி. முட்டை வளர்ச்சியோடு தொடர்புடைய எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரடையோல் ஆகிய ஹார்மோன்களை மாதவிலக்கின் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பார்ப்பார்கள். ஏ.எம்.எச். மட்டும் எந்த நாளிலும் பார்க்கத்தக்கது.

அளவு அலகையும் கவனியுங்கள். புரோஜெஸ்டிரோனை ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று தருகிற அறிக்கைகளும் உண்டு, ஒரு லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று தருகிறவையும் உண்டு. முன்னதை ஏறத்தாழ 3.18ஆல் பெருக்கினால் பின்னது வரும். 10 நானோகிராமும் 32 நானோமோலும் ஒன்றேதான். வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தின் அறிக்கையையும் இங்குள்ள அறிக்கையையும் அலகு பார்க்காமல் ஒப்பிட்டுவிட்டு, ஒரே மாதத்தில் ஹார்மோன் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட பரிசோதனைகளுக்கு வருகிறேன். உமிழ்நீர்க் கார்ட்டிசோல் போலியான பரிசோதனை அன்று. இரவு நேரத்தில் எடுக்கும் உமிழ்நீர் மாதிரி, கார்ட்டிசோல் அளவுக்கு மிஞ்சும் குஷிங் நோய்க்குறியைக் கண்டறிய மருத்துவமனைகளிலேயே பயன்படுகிறது. ஆனால் நான்கு வேளை அளவுகளை வரைபடமாக்கி, கார்ட்டிசோலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது என்று சொல்வதற்கு அடிப்படை கிடையாது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் அப்படியொரு நோயை ஏற்பதில்லை. உலர்த்திய சிறுநீரில் தெரிபவை பெரும்பாலும் ஹார்மோன் சிதைந்த பிறகு உண்டாகும் பொருள்கள். அவற்றின் விகிதத்தைக்கொண்டு கருத்தரிப்புச் சிகிச்சையை மாற்றியமைக்கும் மருத்துவ வழிகாட்டி எதுவும் இல்லை. உணவு ஒவ்வாமைக்கு இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனையை ஒவ்வாமை மருத்துவச் சங்கங்களே வேண்டாம் என்கின்றன. ஒருவர் வழக்கமாக எதை உண்கிறாரோ அதற்கு அந்த எதிர்ப்பொருள் இருப்பது இயல்பு. அந்த அறிக்கையை நம்பிப் பாலையும் முட்டையையும் கோதுமையையும் ஒருசேர நிறுத்திவிட்டு உடல் மெலிவது, குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு நல்லதே அன்று.

ஏ.எம்.எச். பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெனில் இந்த ஓர் எண்ணே பலரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஊசி மருந்து கொடுத்துத் தூண்டினால் எத்தனை முட்டைகள் கிடைக்கக்கூடும் என்பதை அது காட்டும். இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பை அது அப்படிக் காட்டுவதில்லை. 2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் 30 முதல் 44 வயது வரையுள்ள, குழந்தையின்மை வரலாறு இல்லாத 750 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், அளவு குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள்.

எந்த ஆய்வுக்கூடத்துக்குச் சென்றாலும் ஒன்றை மட்டும் மறவாதீர்கள். முடி, நகம் வளர்ச்சிக்காக விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகளை உட்கொள்பவராக இருந்தால், இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, அதை மருத்துவரிடமும் சொல்லுங்கள். பல கருவிகளின் அளவீட்டு முறையில் பயோட்டின் நேரடியாகத் தலையிடுகிறது. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டலாம், வேறு சில ஹார்மோன்கள் பொய்யாகக் கூடிக் காட்டலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2017இல் இதைக் குறித்து எச்சரித்தது.

அந்த நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பரிசோதனையையும் சுட்டிக்காட்டி, "இது கூடுதலாக வந்தால் என்ன செய்வீர்கள், குறைவாக வந்தால் என்ன செய்வீர்கள்" என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் அவர்களே விற்கும் ஊட்டச்சத்து மாத்திரை என்று வந்தால், அந்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவையில்லை.

ஈசூன் அக்கா:

தங்கைக்கு, உங்கள் கடிதத்தில் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வலியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதைத்தான் நான் முதலில் கேட்பேன். விலக்கு நாள்களில் வேலைக்குப் போக முடியாத அளவு வலி, தாம்பத்திய உறவின்போது ஆழத்தில் வலி, அந்த நாள்களில் மலம் கழிக்கும்போது வலி ஆகியவற்றில் ஏதேனும் உண்டா?

எனக்கு இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அப்படித்தான் இருந்ததாம், அதனால் பெண்களுக்கு இது வழக்கம் என்று சொல்லியே வளர்த்தார்கள். என் ஹார்மோன் அளவுகள் எல்லாம் உங்களுடையதைப் போலவே இயல்பு. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. வேறொரு மருத்துவர் என் வலியைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வயிற்றில் சிறு துளையிட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்தபோதுதான் எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தது. கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே படர்ந்திருக்கும் நோய் அது. அதைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஹார்மோன் பரிசோதனை எதுவும் இல்லை. இரத்தத்திலும் தெரியாது, உமிழ்நீரிலும் தெரியாது.

வலியே இல்லாத எல்லாரும் லேப்ராஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மயக்க மருந்தும் அறுவையும் உள்ள காரியம் அது. காரணம் தெரியாத குழந்தையின்மைக்கு வழக்கமாகவே அதைச் செய்ய வேண்டாம் என்பதுதான் ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டி தரும் அறிவுரையும்கூட. ஆனால் வலி இருந்தால் அதை மறைக்காமல், குறைத்துச் சொல்லாமல், எந்த நாளில் எவ்வளவு என்று எழுதிவைத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆயிரம் வெள்ளிப் பரிசோதனையைவிட அந்தக் குறிப்பு பயன்படக்கூடும்.

உட்லண்ட்ஸ் வாசகி:

மேலே எழுதியவர்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் இந்தச் சகோதரி எதைத் தேடிப் போகிறார் என்பதை நாம் மதிக்க வேண்டும். மருத்துவமனையில் என் முறைக்காக நெடுநேரம் காத்திருந்து, சில நிமிடங்களில் பேசி முடித்து வெளியே வந்தவள் நான். நான் எப்படித் தூங்குகிறேன், இரவு வேலையா பகல் வேலையா, கணவரோடு சேர்ந்து சாப்பிடுகிறேனா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பதிவு பெற்ற சீனப் பாரம்பரிய மருத்துவர் ஒருவரிடம் சென்றபோதுதான், ஒரு மணி நேரம் என்னைப் பேசவிட்டுக் கேட்டார்கள். அவர் தந்த சிகிச்சையால் கருத்தரித்தேன் என்று சொல்லமாட்டேன். என் குழந்தை பிற்பாடு, உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப் மூலம் பிறந்தவன். ஆனால் அந்தச் சிகிச்சையைத் தாங்கும் மனத்தெம்பு அங்கேதான் கிடைத்தது. அதைக் குறைவாகப் பேச என்னால் முடியாது.

அப்படிப் போக நினைத்தால் சில பாதுகாப்புகள் வேண்டும். சீனப் பாரம்பரிய மருத்துவர்கள் இங்கே சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டியவர்கள். அவர்களுடைய பெயரைப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். சித்த, ஆயுர்வேத வைத்தியர்களுக்கு அத்தகைய பதிவு முறை இங்கே இல்லை. ஊரிலிருந்து உறவினர் அனுப்பும் பஸ்பம், செந்தூரம், பெயரில்லாத சூரணம் ஆகியவற்றைக் குழந்தைக்காக முயலும் காலத்தில் தயவுசெய்து உட்கொள்ளாதீர்கள். ஈயமும் பாதரசமும் கலந்த மருந்துகளைக் குறித்துச் சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரிக்கை விடுத்திருக்கிறது. ஈயம் கருவில் உள்ள குழந்தைக்கும் போய்ச் சேரும். எதைச் சாப்பிட்டாலும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

புக்கிட் பாத்தோக் கணவர்:

ஆணின் பக்கத்திலிருந்து சில செய்திகள். விந்தணுப் பரிசோதனை ஒரு முறை இயல்பு என்று வந்ததோடு எங்கள் வீட்டிலும் என் பங்கு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம். அதன் பிறகு ஊசியும் ஸ்கேனும் எல்லாம் என் மனைவிக்குத்தான். இது நியாயமன்று. விந்தணு உருவாகி முதிர்வதற்கு இரண்டரை மாதத்துக்கு மேலாகிறது. ஆகவே இன்றைய பரிசோதனை காட்டுவது, முந்தைய மாதங்களின் உடல்நிலையை. இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தாலும், புகைத்தாலும், உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ கொடுத்த டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டாலும் அது மாறும். டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து வந்தால் ஆண்மை கூடும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் மூளையிலிருந்து விரைக்குச் செல்லும் கட்டளை நின்றுபோய், விந்தணு உற்பத்தியே அடங்கிவிடும்.

இன்னொன்று, கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேட்க வேண்டியது. கருத்தரிக்கக்கூடிய நாள்கள் ஒரு சுழற்சியில் ஏறத்தாழ ஆறுதான்: முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களும். கணவர் வெளிநாட்டுப் பயணத்திலோ தேசிய சேவை மீள்பயிற்சி முகாமிலோ, மனைவி இரவு வேலையிலோ இருந்தால் அந்த ஆறு நாள்கள் மாதக்கணக்கில் தவறிப்போகும். இரண்டு ஆண்டுகளாக முயல்கிறோம் என்று சொல்லும்போது, அவற்றில் எத்தனை மாதங்கள் உண்மையிலேயே வாய்ப்புள்ள மாதங்கள் என்பதை இருவரும் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

பொங்கோல் வாசகி:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஈசூன் அக்கா, எனக்கு முதல் நாள் வலி உண்டு, ஆனால் ஒரு மாத்திரையில் அடங்கிவிடும். நீங்கள் சொன்ன மற்ற வலிகள் இல்லை. இருந்தாலும் இந்த மாதத்திலிருந்து குறித்துவைக்கிறேன். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பதையும், இரத்தம் கொடுத்த வாரத்திலும் அதை உட்கொண்டேன் என்பதையும் இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. கணவரும் கடந்த ஆண்டில் பாதி நாள்கள் ஜகார்த்தாவில் இருந்தவர். நேற்றிரவு இருவரும் நாட்காட்டியை எடுத்துவைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினோம்.

தொழில்நுட்பருக்கு இரண்டு கேள்விகள். என் தாய்க்குத் தைராய்டு நோய் உண்டு. தைராய்டு எதிர்ப்பொருள் பரிசோதனையைக் கேட்டு வாங்கலாமா? நான் முழுமையான பரிசோதனையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கே திரும்பினால், அங்கே என்ன கேட்பது?

ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், தெம்பனிஸ்:

முதலில் பயோட்டினை நிறுத்திவிட்டு, நடந்ததை மருத்துவரிடம் சொல்லி டி.எஸ்.எச். அளவை மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். தாய்க்கு நோய் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிர்ப்பொருள் பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் எதிர்ப்பொருள் இருப்பதாக வந்தாலும் உடனே மாத்திரை தொடங்கினால் பலன் உண்டு என்று எண்ண வேண்டாம். தைராய்டு சரியாக இயங்கியும் எதிர்ப்பொருள் உள்ள, முன்பு கருச்சிதைவோ குழந்தையின்மையோ கண்ட 952 பெண்களிடம் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு 2019இல் வெளியானது. லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரையை உட்கொண்டவர்களில் 37.4 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை உட்கொண்டவர்களில் 37.9 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. மாத்திரையால் வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை. டி.எஸ்.எச். உண்மையிலேயே உயர்ந்திருந்தால் அது வேறு கதை. அதற்குச் சிகிச்சை கட்டாயம் வேண்டும்.

நம் இந்தியர் குடும்பங்களில் நீரிழிவு மிகுதி என்பதால், சர்க்கரை அளவைப் பார்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ருபெல்லா எதிர்ப்பாற்றல், தலசீமியா பரிசோதனை ஆகியவை கருத்தரிப்பதற்கு முன்பே முடிந்துவிடுவது நல்லது. ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும் எடுத்துக்கொள்கிறீர்கள் என்றே எண்ணுகிறேன்.

ஐயுஐ பற்றி மருத்துவர் சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள். காரணம் தெரியாவிட்டாலும் சிகிச்சை பலன் தரும் என்பதை ஏற்றுக்கொள்வதுதான் உங்களைப் போன்றவர்களுக்குக் கடினம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நியூசிலாந்தில் காரணம் அறியப்படாத குழந்தையின்மை உள்ள 201 பெண்களை இரு பிரிவாக்கி 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று சுழற்சி வரை சினைப்பையைத் தூண்டும் மருந்துடன் ஐயுஐ செய்துகொண்டவர்களில் 31 விழுக்காட்டினருக்கும், இயற்கையாக முயன்று காத்திருந்தவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. அவர்களில் யாருக்கும் காரணம் தெரிந்திருக்கவில்லை.

நீங்கள் இருவரும் குடிமக்களாக இருந்தால், அரசாங்க மருத்துவமனையில் ஐயுஐ செலவில் 75 விழுக்காடு வரை, ஒரு சுழற்சிக்கு ஆயிரம் வெள்ளி என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, மூன்று சுழற்சிகளுக்கு அரசு பங்களிக்கும் திட்டம் 2020 முதல் நடப்பில் உள்ளது. மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பையும் பயன்படுத்தலாம். மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் உங்கள் நிலைக்கு ஏற்ற தொகையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கணவரின் ஜகார்த்தா பயண நாள்களையும் அதே சந்திப்பில் சொல்லிவிடுங்கள். ஐயுஐ நாளில் அவர் ஊரில் இருக்க முடியாவிட்டால், விந்தணுவை முன்கூட்டியே உறையவைக்க முடியுமா என்று கேட்டால் அங்கேயே வழி சொல்வார்கள்.